கொடை நாளில் சிவப்புக் கொடி

"கன்ட்ரோல், உங்க பக்கம் பீப் பீப்னு ஏதோ சத்தம் வருது."

ஹெட்போனில் ஹாஃபிஸாவின் குரல். தாராவி அறுபதடி ரோட்டில் இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் பறந்துகொண்டே கேட்டாள். நிஜமான அறுபதடி ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கைவண்டிகூட நகராது. இது தங்கமயில் கம்ப்யூட்டருக்குள் கட்டிய ரோடு. ஹாஃபிஸா உட்கார்ந்திருந்தது தாணேயில், தன் வீட்டு மேஜையில் திருகி மாட்டிய ஸ்டீயரிங்குக்குப் பின்னால்.

"ரேஸைப் பாரு, ஹாஃபி. என் பக்கம் ஒண்ணுமில்ல" என்றாள் தங்கமயில்.

சொன்னாளே தவிர, காது கொடுத்துக் கேட்கவில்லை; கண் திரையில் குத்திட்டு நின்றது. இன்னும் ஆறு சுற்று. முதலிடத்தில் ஹாஃபிஸா. ஒன்பது செகண்டு பின்னால் மாதவ். அவனுக்குப் பின்னால் செம்பூர் வெங்கி. மொத்தம் இருபது கார். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஓட வேண்டும். இன்றைக்கு மட்டுமாவது கடைசி வரை ஓட வேண்டும்.

'சயான் சர்க்யூட்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆன்லைனில் கார் ஓட்டும் கூட்டம் அது. மாட்டுங்கா, செம்பூர், தாணே, முலுந்த் என்று மும்பையின் தமிழ்ப் பிள்ளைகள். அவரவர் வீட்டிலிருந்துதான் ஓட்டுவார்கள். ஆனால் எந்த கார் எங்கே போகிறது, யார் யாரை இடித்தார்கள் என்று கணக்கு வைக்க ஒரு பொதுக் கம்ப்யூட்டர் வேண்டும். அதுதான் சர்வர். அது இருப்பது தாராவியில், தங்கமயிலின் வீட்டில், ஏணி வைத்து ஏறும் மேல் அறையில். ரேஸை ஆரம்பிப்பவள், கொடி காட்டுபவள், இடித்தவனுக்குத் தண்டனை கொடுப்பவள் எல்லாம் அவள்தான்.

குர்லா கூரியர் ஆபீசில் பில் அடிக்கும் தங்கமயிலை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏ மேடம்' என்பார்கள். லீக்கில் அவளுக்குப் பெயர் கன்ட்ரோல். 'மெதுவா போங்க' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் இருபது பேரும் பிரேக்கை மிதிப்பார்கள்.

இன்றோடு அது போய்விடலாம்.

காரணம், போன இரண்டு ஞாயிறும் ரேஸ் பாதியில் விழுந்தது. ஓடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே நொடியில் வெளியே. தானாக விழுந்த ரேஸ் செல்லாது என்பது லீக் விதி. இரண்டு வாரமும் புள்ளி இல்லை.

மாதவ் போன ஞாயிறே போன் செய்தான். மாட்டுங்காக்காரன். அவளோடு சேர்ந்து லீக்கை ஆரம்பித்தவன்.

"ஆத்துல சர்வர் வெச்சுக்கறதெல்லாம் இனிமே ஒத்து வராது. நான் ஒண்ணு வாடகைக்கு எடுத்து ரெடியா வெச்சிருக்கேன். நீ பண்ண டிராக்கையும் ஏத்திட்டேன். டேட்டா சென்டர்ல இருக்கும். கரண்ட் போகாது, லைன் போகாது. அதுக்கு ஏசி வேற. நமக்கே ஆபீஸ்ல அவ்வளவு ஏசி கிடையாது."

"பாஸ்வேர்டு யார்ட்ட இருக்கும்?"

"என் பேர்ல எடுத்திருக்கேன். என்கிட்டதான்."

"அப்ப ஒருத்தன வெளிய தள்ளணும்னா உன்னக் கேட்டுட்டுத் தள்ளணுமா?"

"அரே யார், எங்கேர்ந்து எங்க போறே நீ?"

குரூப்பில் ஓட்டு எடுத்தார்கள். கடைசி ரேஸ் மட்டும் தங்கமயில் வீட்டில். அதுவும் விழுந்தால் சர்வர் மாதவிடம் போகும். கன்ட்ரோலும் அவன்தான்.

தங்கமயிலுக்கு வேறு ஒன்று உறுத்தியது. இரண்டு முறையும் அவள் மெஷின் அணையவில்லை. பேட்டரி பேக்கப் இருந்தது. சர்வர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. அறுந்தது இன்டர்நெட் லைன் மட்டும். வீட்டில் சர்வர் வைத்தால் விளையாடுகிற எல்லாருக்கும் உங்கள் வீட்டு லைனின் முகவரி தெரிந்துவிடும். பிடிக்காதவன் ஒருவன் அந்த முகவரிக்குக் குப்பையைக் கொட்டிக் கொட்டியே லைனைத் திணறடிக்கலாம்.

யாருக்கு லாபம்? புள்ளியில் முதலிடம் மாதவ். இன்றைய ரேஸை ஜெயித்தால்தான் ஹாஃபிஸாவுக்குக் கப். ரேஸ் விழுந்தால் மாதவுக்கு. விழுந்த இரண்டு ரேஸிலும் முன்னால் போய்க்கொண்டிருந்தவள் ஹாஃபிஸா.

புதன்கிழமை ஆத்திரத்தில் குரூப்பில் எழுதினாள்: 'லைன் தானா விழல. யாரோ அடிக்கிறாங்க. ரேஸ் விழுந்தா யாருக்கு லாபம்னு எல்லாரும் யோசிங்க.'

பெயர் போடவில்லை. தேவையும் இருக்கவில்லை. மாதவ் பதிலுக்கு ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினான். அந்தக் கட்டைவிரல் நான்கு நாளாக அவள் கண்ணில் குத்திக்கொண்டிருந்தது. கேபிள்காரனைப் பிடித்து லைன் முகவரியை மாற்றி, வெளியாள் நுழையாதபடி பூட்டும் போட்டுவிட்டாள். அடிக்கிறவன் இன்றைக்கு அடிக்கட்டும், பார்க்கலாம்.

"அக்கா, சச்சி சொல்றேன். இன்னும் அடிக்குது!" மறுபடி ஹாஃபிஸா.

தங்கமயில் எரிச்சலோடு ஹெட்போனைக் கழற்றினாள்.

பீப். பீப். பீப்.

காலடியில் பேட்டரி பெட்டி கத்திக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கு. நிமிர்ந்தாள். டியூப் லைட் அழுது வடிந்தது. ஃபேன் இறக்கையை எண்ணிவிடலாம்.

சுவருக்கு அந்தப் பக்கம் இடிபோல ஸ்பீக்கர். வில்லுப்பாட்டு.

கொடை!

இன்று தெரு அம்மனுக்குக் கொடை விழா என்பது அவளுக்குத் தெரியும். ஊரில் செவ்வாய்க்கிழமை கொடுக்கிற கொடையை, எல்லாருக்கும் லீவு வேண்டுமே என்று இங்கே ஞாயிறுக்கு மாற்றி வருடங்கள் ஆகின்றன. ரேஸ் முடிந்ததும் வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். ஆனால் கொடைக்கும் தன் வீட்டு டியூப் லைட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஏணியில் பாதி இறங்கும்போதே பார்த்துவிட்டாள்.

மீட்டர் போர்டு திறந்து கிடந்தது. அதன் கீழே ஸ்டூல். ஸ்டூலின் மேல் கொடைக்கு ரேடியோ செட்டும் லைட்டும் போடும் இசக்கிராஜ், வாயில் டெஸ்டரைக் கவ்வியபடி. போர்டிலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு கறுப்பு வயர் ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போயிற்று. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு புது வேட்டியில் அப்பா செல்லத்துரை.

"வந்துட்டியா மயிலு! நானே கூப்புடணும்னு இருந்தேன். நம்ம வீட்டு வெளிச்சத்துல அம்மன் நிக்கத வந்து பாரு."

"அப்பா, இது என்ன வயரு?"

"கொடைக்கு இந்த வருசம் கரண்டு நம்ம வீட்டுலேந்துதான். கமிட்டில ஒருமனதா சொல்லிட்டாவ. எத்தன வருசமா கேட்டு இப்பதான் கெடச்சிருக்கு தெரியுமா?"

"எப்பலேர்ந்து எடுக்கிறீங்க?"

அப்பாவுக்கு முன்னால் இசக்கிராஜ் டெஸ்டரை எடுத்துவிட்டுப் பதில் சொன்னான். "முந்துன ஞாயித்துக்கெழம சும்மா செட்டு போட்டுப் பாத்தோம். போன ஞாயிறு பந்தலுக்குக் கால்நாட்டு. அன்னைக்கு ரெண்டு பாக்ஸு, ஒரு கிரைண்டரு. அம்புட்டுதான்."

முந்தின ஞாயிறு. போன ஞாயிறு.

தங்கமயிலின் பார்வை டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அங்கே கேபிள்காரன் மாட்டிவிட்ட இன்டர்நெட் பெட்டி. பச்சை விளக்கு மினுக்கியது. அவள் மேலே மெஷினுக்குப் பேட்டரி வைத்திருந்தாள். லைன் வந்து இறங்கும் இந்தச் சின்னப் பெட்டியைக் கீழே, டிவி பிளக்கிலேயே விட்டிருந்தாள். கரண்டு ஒரு முழம் இறங்கினால் மெஷினுக்கு ஒன்றும் ஆகாது. இது அணைந்து எரியும். இது அணைந்தால் இருபது பேரும் வெளியே.

யாரும் அடிக்கவில்லை. லைனை அடித்தது அம்மன் கொடை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேப்பா!"

"எப்ப சொல்ல? கமிட்டிக்காரவ வந்து பேசும்போதும் கூப்புட்டேன், கால்நாட்டு அன்னைக்கும் கூப்புட்டேன். நீ காதுல அந்தக் கொட்டாங்கச்சிய மாட்டிக்கிட்டு 'பிரேக்கு, பிரேக்கு'ன்னு கத்திக்கிட்டு கெடக்க."

பெட்டியைப் பிடுங்கி மேலே பேட்டரியில் செருகலாமா? பிடுங்கிய நொடியே ரேஸ் செத்துப்போகும். தொடக்கூடாது. ஆறு சுற்றுக்கு, கரண்டு இதற்குமேல் இறங்கக்கூடாது.

"இசக்கிண்ணே, இப்ப என்னென்ன ஓடுது?"

"செட்டு மட்டுந்தான். லைட்டு ஆர்ச்சு இன்னும் போடல. பூசைக்குத்தான போடணும்."

"அது எவ்வளவு இழுக்கும்?"

இசக்கிராஜின் முகத்தில் பெருமை வழிந்தது. "தெரு முழுக்கல்லா கட்டியிருக்கேன்! போட்டம்னா உங்க வீட்டு லைட்டு மெழுகுவத்தி கணக்கா ஆயிரும், ஆமா."

"பூசை எப்போ?"

"வில்லு முடிஞ்சதும்."

"வில்லு எப்போ முடியும்?"

"புலவரு சாதாரணமா இழுப்பாரு, தங்கச்சி. இன்னைக்குத் தொண்டை கட்டிக்கிட்டு. வெரசா முடிச்சிருவாரு."

அப்பாவிடம் கெஞ்சுவதா? ஆர்ச்சைக் கொஞ்சம் பொறுத்துப் போடச் சொல்வதா? அவர் முகத்தைப் பார்த்தாள். புது வேட்டி, நெற்றி நிறைய திருநீறு. தெருவே பார்க்க, பூசை நேரத்தில் அம்மன் இருட்டில் நின்றால் செல்லத்துரை அடுத்த கொடை வரைக்கும் தலை நிமிர மாட்டார். கேட்டாலும் நடக்காது. கேட்க வாயும் வரவில்லை.

ஏணியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

ஐந்து சுற்று பாக்கி. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டினாள். மற்றக் காது சுவர்ப் பக்கம்.

விதியில் இன்னொரு வரி உண்டு. தானாக விழுந்தால்தான் ரேஸ் செல்லாது. விழுவதற்கு முன்னால் கன்ட்ரோல் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தினால், நின்ற இடத்திலிருந்து மறுபடி தொடரலாம். எங்கே தொடர்வது? இங்கே முடியாது. பூசை முடிய ராத்திரி ஆகும். இன்று இன்னொரு சர்வர் தயாராக இருப்பது ஒரே இடத்தில். மாதவிடம்.

கொடி காட்டினால் தன் கையாலேயே சர்வரைத் தூக்கி அவனிடம் கொடுத்ததாக ஆகும். காட்டாமல் இருந்தால்? வில்லுக்காரர் இன்னும் ஐந்து சுற்றுக்குப் பாட்டை இழுத்துவிட்டால்? இழுப்பாரா? விரல் பொத்தானின் மேல் நின்றது. கால் தானாகத் தரையைத் தட்டியது.

நாலரை சுற்று. ஹாஃபிஸா கும்பார்வாடா வளைவை அழகாக எடுத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டின் தாளம் மாறியது. உடுக்கை வேகம் எடுத்தது. கம்மிய குரலில் புலவர் 'வாழி' பாட ஆரம்பித்தார். ஊர் வாழி, கொடை கொடுத்தவர் வாழி. வாழி வந்துவிட்டால் வில்லு முடிந்தது.

"ரெட் ஃப்ளாக்! ரெட் ஃப்ளாக்! எல்லாரும் நிறுத்துங்க!"

அழுத்திவிட்டாள். இருபது கார்களும் கிறீச்சிட்டு நின்றன. ஹெட்போனில் ஒரே கூச்சல்.

"க்யா ஹுவா?"

"அக்கா, நான் லீட்ல இருக்கேன்க்கா!"

"கன்ட்ரோல் பைத்தியம் பிடிச்சிடுத்தா?"

பதில் சொல்ல நேரமில்லை. மொபைலை எடுத்துத் திரையைப் படம் பிடித்தாள். யார் எந்த இடம், காருக்கும் காருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, எல்லாம். கேமரா 'க்ளிக்' என்றதும் தெருவில் குலவை வெடித்தது. டியூப் லைட் கண்ணை மூடியது. ஜன்னல் வழியே சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் வந்து சுவரில் ஓடியது.

ஹெட்போனில் மயான அமைதி. லைன் போய்விட்டது.

மொபைலில் சிக்னல் ஒரே கோடு. மறுபடி ஏணி, வாசல், சந்து. ஆர்ச்சுக்குக் கீழே வந்த பிறகுதான் நெட் வந்தது. சுற்றிலும் மேளம். பொங்கப் பானையோடு பெண்கள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு குரூப் காலில் நுழைந்தாள்.

"வந்துட்டா!" வெங்கியின் குரல். "என்ன கன்ட்ரோல், கல்யாண மண்டபத்துலேர்ந்து பேசறியா?"

"மாதவ் இருக்கானா?"

"இருக்கேன்." குரல் ஐஸ் போல இருந்தது. "சொல்லு. யார் அடிச்சான்னு கண்டுபிடிச்சாச்சா?"

"கண்டுபிடிச்சாச்சு."

"யாரு?"

"எங்க அப்பா."

வெங்கி சிரித்த சிரிப்பில் மொபைலே அதிர்ந்தது. அவள் அவசர அவசரமாகச் சொல்லி முடித்தாள். கொடை, மீட்டர், வயர், டிவி பக்கத்துப் பெட்டி. எல்லாரும் சிரித்தார்கள். மாதவ் சிரிக்கவில்லை.

"புதன்கிழமையிலேர்ந்து என் மாமா பையன்கூட 'நீதானாடா'ன்னு கேக்கறான். முதல்ல அந்த மெசேஜை டெலீட் பண்ணு."

"பண்ண மாட்டேன்."

"என்னது?"

"அழிச்சா நான் எழுதவே இல்லைன்னு ஆயிடும். அதுக்குக் கீழயே எழுதுறேன். எல்லாரும் ரெண்டையும் படிக்கட்டும்."

நின்றபடியே தட்டினாள். பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் எப்போதும்போல ஆங்கில எழுத்தில்: 'லைன் விழுந்தது எங்க வீட்டு கரண்டால. யாரும் அடிக்கல. மாதவ் மேல சந்தேகப்பட்டு எழுதினது நான். தப்பு என்னோடது. ஸாரி மாதவ்.'

அனுப்பினாள். கட்டைவிரல் எதுவும் வரவில்லை.

"மாதவ், உன் சர்வர் வேணும். நாலரை சுத்து பாக்கி இருக்கு. இடைவெளி எல்லாம் போட்டோ எடுத்திருக்கேன். பாஸ்வேர்டு குடு."

மொபைலைக் காதோடு அழுத்தினாள். மேளம் மட்டும்.

வெங்கிதான் முதலில் பேசினான். "டேய் மாதவ், நீ ஒண்ணும் பண்ணவேண்டாம். இப்படியே மூச்சு விடாம உக்காந்திரு. கப்பு தானா உங்க ஆத்துக்கு நடந்து வரும்."

உண்மை. அவன் வாய் திறக்காவிட்டால் ரேஸ் விழுந்த கணக்கு. கப், சர்வர், கன்ட்ரோல் மூன்றும் அவனுக்கு. தன்னைத் திருடன் என்றவளுக்கு யார் உதவுவார்கள்? அவள் இடத்தில் அவன் இருந்திருந்தால், அவள் கொடுத்திருப்பாளா? தெரியவில்லை. நின்ற இடத்தில் நிற்க முடியாமல் ஆர்ச்சின் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு நடந்தாள்.

"வாயை மூடுடா வெங்கி" என்றான் மாதவ் கடைசியில். "அப்புறம் ஆயுசு பூரா, கரண்ட் போய் ஜெயிச்சவன்னு சொல்லிக் காட்டுவேள். அனுப்பிட்டேன். பாத்துக்கோ."

மொபைல் துடித்தது. பாஸ்வேர்டு.

உள்ளே நுழைந்தாள். சின்னத் திரையில் அவள் கட்டிய தாராவி, எங்கோ ஒரு டேட்டா சென்டரின் குளிரில் காலியாகக் கிடந்தது. ஒவ்வொரு காராக வந்து வரிசையில் நின்றது.

"எல்லாரும் கேளுங்க. பச்சை விளக்கு விழுந்தாலும் யாரும் நகரக் கூடாது. ஒவ்வொருத்தரா நான் பேர் சொல்லுவேன். விட்ட இடைவெளி அப்படியே இருக்கணும். முன்னாடி கிளம்பினவன் அவுட்."

"இந்த மேளத்துல உன் குரலே கேக்கலடி!" என்றாள் முலுந்த் சாதனா.

தங்கமயில் மொபைலை வாயோடு ஒட்டிவைத்துத் தொண்டை கிழியக் கத்தினாள். "ஹாஃபிஸா, போ!"

ஹாஃபிஸா பறந்தாள். தெருவே திரும்பிப் பார்த்தது. தங்கமயில் கத்திக் கத்தி எண்ணினாள். மாதவின் கார் என்ஜின் உறும அப்படியே நின்றது. எட்டு. ஒன்பது.

"மாதவ், போ! வெங்கி, இரு... இப்ப போ!"

நாலரை சுற்று. மாதவ் வெறி பிடித்தவன்போல ஓட்டினான். ஒன்பது செகண்டு ஆறாகி, மூன்றாகி, கடைசிச் சுற்றில் ஒன்றுக்குக் கீழே வந்தது. டி ஜங்ஷன் திருப்பத்தில் ஹாஃபிஸாவின் உள்பக்கம் மூக்கை நுழைத்தான். பிரேக்கைத் தாமதமாக மிதித்தான். கார் சறுக்கிச் சுவரில் முட்டித் திரும்பி நின்றது. வெங்கி அவனைத் தாண்டிப் போனான்.

ஹாஃபிஸா கோட்டைத் தாண்டினாள். அவள் போட்ட கூச்சலில் தாணே வீட்டில் யாரோ ஓடி வந்து கதவைத் தட்டுவதுகூடக் கேட்டது.

"பிரொடெஸ்ட்!" மாதவ் கத்தினான். "அவ என்னை இடிச்சா! கன்ட்ரோல், பெனால்டி குடு!"

"ஜூட்டா! பொய்!" என்றாள் ஹாஃபிஸா. "நான் தொடவே இல்ல!"

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் தங்கமயில்.

இருந்தார்கள். அவள் அந்தத் திருப்பத்தைத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். மேலிருந்து ஒரு தடவை, மாதவின் காருக்குள்ளிருந்து ஒரு தடவை. சாமியாடி ஒருவர் அவள் நெற்றியில் திருநீறு அப்பிவிட்டுப் போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அவனிடம் இப்போதுதான் மன்னிப்புக் கேட்டிருந்தாள். பாஸ்வேர்டு கொடுத்தவன் அவன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று திரை சொன்னது.

"ரெண்டு காருக்கும் நடுவுல இடம் இருக்கு, மாதவ். அவ இடிக்கல. நீயா போய் விழுந்த. பெனால்டி கிடையாது. ஹாஃபிஸா ஜெயிச்சாச்சு."

மாதவ் ஹிந்தியில் சுத்தமாக நாலு வார்த்தை சொன்னான். எதுவும் அவளை அல்ல, டி ஜங்ஷனை.

"சரி, கன்ட்ரோல்" என்றான் மூச்சு வாங்கியபடி. "நீ சொன்னா சரி. அடுத்த சீசனுக்கு என்ன பண்றது? மெஷினை அங்கேயே வெச்சுக்கப் போறியா?"

தங்கமயில் நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலில் வயர், மேலே தெரு முழுக்க வெளிச்சம். அடுத்த வருடமும் கரண்டு நம் வீட்டிலிருந்துதான் என்று அப்பா இந்நேரம் கமிட்டியிடம் வாக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

"வேண்டாம். உன் சர்வர்லயே ஓடட்டும்."

"அப்பாடா."

"ஆனா பாஸ்வேர்டை இப்பவே மாத்துறேன்."

"மாத்திக்கோ. என்னன்னு வெக்கப்போறே?"

"ரேஸ் ஓட்டுறவங்ககிட்ட கன்ட்ரோல் அதெல்லாம் சொல்லாது" என்றாள் தங்கமயில், ஏற்கெனவே தட்டிக்கொண்டே.